மூடிக்கு ஒரு ஸ்விட்ச்

கடையில் வாங்குற முட்டையை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் குஞ்சு வராது. இது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீமில் நாலு பேர். அதில் ரெண்டு பேருக்கு, டைட்டில் சப்மிட் பண்ணிய நாள் வரைக்கும் இது தெரியாது. நாமக்கல்லில் இருந்து வரும் முட்டையெல்லாம் கூண்டில் இருக்கும் பெட்டைக்கோழிகள் போடுவது. அங்கே சேவலே கிடையாது. சேவல் சேராமல் போட்ட முட்டையில் கரு இருக்காது. "அப்போ இத்தனை நாள் ஹாஸ்டல்ல தின்ன ஆம்லெட் எல்லாம் வெஜ்ஜாடா?" என்று ஒருத்தன் கேட்டான். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

எங்கள் டைட்டில்: ஐஓடி மூலம் கண்காணிக்கும் ஸ்மார்ட் முட்டை இன்குபேட்டர். ஜீரோத் ரிவ்யூவில் எங்கள் கைடு மேடம் டைட்டிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு பேட்ச் இதையே எடுக்குது. எல்லாரும் டெம்பரேச்சர் கிராஃப் காட்டுவாங்க. ஒருத்தரும் குஞ்சு காட்டினதில்ல. நீங்க குஞ்சு காட்டுங்க, பார்ப்போம்."

எனக்கு இதில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. அதை டீமில் யாரிடமும் சொல்லவில்லை.

நான் யுகேஜி படிக்கும்போது அறுபத்து மூவர் உற்சவத்துக்கு மயிலாப்பூர் மாட வீதிக் கூட்டத்தில் அம்மாவை நச்சரித்து ஒரு பிங்க் கலர் கோழிக்குஞ்சு வாங்கினேன். மூங்கில் கூடை நிறைய பச்சை, மஞ்சள், பிங்க் என்று கத்திக்கொண்டு இருக்குமே, அதில் ஒன்று. பெயர் பிங்க்கி. ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு, அரிசி போட்டு, பாட்டில் மூடியில் தண்ணி வைத்தேன். ரெண்டாவது நாள் காலையில் டப்பா காலி. "பறந்து போயிடுச்சுடா" என்று அம்மா சொன்னாங்க. ஏழாம் வகுப்பு வரைக்கும் நான் அதை நம்பினேன். கோழிக்குஞ்சால் பறக்க முடியாது என்று தெரிந்த பிறகும் அம்மாவிடம் கேட்கவில்லை.

கருக்கூடிய முட்டை எங்கே கிடைக்கும் என்று தேடும்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் எல்லாருக்கும் நந்தனம் என்றால் சிக்னல், மெட்ரோ, ஒய்எம்சிஏ மைதானம். கோழி வளர்க்கிறவர்களுக்கு நந்தனம் என்றால் அது ஒரு கோழி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருந்தது. அங்கே உருவாக்கிய இனங்களுக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்: நந்தனம் கோழி, நந்தனம் காடை. நிலையம் இப்போது மாதவரத்தில். தி.நகர் பக்கம் ஷாப்பிங் போகிற வழியில் ஆயிரம் தடவை கடந்த சிக்னல், ஏதோ ஒரு கிராமத்தில் கோழியாக மேய்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால் முட்டை கிடைத்தது ஆயாவிடம். திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது என் ஆயா. ஃபோனில் விஷயத்தைச் சொன்னேன். "அடை வெக்கப் போறியா?" என்று கேட்டது. எனக்குத் தெரிந்த அடை, அவியலோடு சாப்பிடுவது. "இல்ல ஆயா, குஞ்சு பொரிக்க" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது. கோழியை முட்டை மேல் உட்கார வைப்பதற்குப் பெயர் அடை வைப்பது. அடை காக்கிற கோழி அடைக்கோழி. நான் ஸ்கூலில் படித்த தமிழில் இதெல்லாம் வரவில்லை, அல்லது வந்த அன்று நான் லீவு.

ஆயா தன் கோழிகளும் பக்கத்து வீட்டுக் கோழிகளும் ஒரு வாரத்துக்குள் போட்ட முட்டையில் 21 சேர்த்துக் கொடுத்தது. ஒரு வாரத்துக்கு மேல் பழசானால் பொரிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. தவிடு நிறைந்த ஒரு பிளாஸ்டிக் வாளியில் முட்டைகள். நடுவில் ஒரு கரித்துண்டு, ஒரு துருப்பிடித்த ஆணி. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமாம், அதற்குக் காவல். "ஆயா, இது பிப்ரவரி மாசம்" என்றேன். "இருக்கட்டும், அது என்னா சோறா கேக்குது" என்றது. ஆணியை இன்குபேட்டருக்குள் ஒரு மூலையில் போட்டுவைத்தோம். டீமில் அதற்குப் பெயர் எர்த்திங்.

பஸ் குலுக்கலில் ஒரு முட்டை விரிசல் விட்டது. மீதி 20. பயணம் செய்த முட்டைகளை உடனே சூட்டில் வைக்கக் கூடாது. கூரான முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் சும்மா நிறுத்திவைத்தோம். அகலமான முனையில்தான் காற்றறை இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்று எனக்கு 20-ம் நாள்தான் உறைத்தது.

இன்குபேட்டர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நொச்சிக்குப்பத்தில் மீன் ஐஸ் வைக்கும் தெர்மகோல் பெட்டி ஒன்று வாங்கி, ப்ளீச்சிங் பவுடர் போட்டு மூணு தடவை கழுவினோம். அப்பவும் வஞ்சிரம் வாசனை. ரிட்சி ஸ்ட்ரீட்டில் ஈஎஸ்பி32, டிஎச்டி22 சென்ஸார், ரிலே, பழைய கம்ப்யூட்டர் ஃபேன். ரெண்டு 40 வாட் குண்டு பல்பு. எல்இடி வந்த பிறகு குண்டு பல்பு தேடுவதுதான் ப்ராஜெக்டிலேயே கஷ்டமான வேலை. எங்களுக்கு வெளிச்சம் வேண்டாம், அது வீணாக்கும் சூடுதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் விளக்கியபோது அவர் பார்த்த பார்வை மறக்காது. பெட்டியை மந்தவெளியில் எங்கள் வீட்டில், என் ரூமில் வைத்தோம். ஹாஸ்டலில் பல்பை அயர்ன் பாக்ஸ் என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள்.

வேண்டிய சூடு 37.5 டிகிரி. ஃபேரன்ஹீட்டில் 99.5. "லேசா ஜுரம்" என்று அம்மா சொன்னாங்க. சரியான வார்த்தை. 21 நாளும் முட்டைக்கு லேசா ஜுரம் இருக்க வேண்டும்.

முதல் பாடம், சென்ஸார் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துச் சூட்டைத்தான் சொல்லும். எங்களுடையது மூடியில் ஒட்டியிருந்தது. அங்கே 37.5. முட்டை இருக்கும் மட்டத்தில் ஜுரத் தெர்மாமீட்டர் வைத்தால் ஒரு டிகிரிக்கு மேல் கம்மி. ஒரு டிகிரிதானே என்று விட்டால் பொரிப்பு நாள் தள்ளிப்போகும், பாதி வராமலே போகும். சென்ஸாரை முட்டைக்குப் பக்கத்தில் இறக்கினோம்.

ரெண்டாவது, ஈரப்பதம். சென்னையில்தான் வேர்த்துக் கொட்டுகிறதே, தண்ணித் தட்டு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. வெளியே 25 டிகிரியில் 75 சதவீதம் ஈரப்பதம் இருக்கும் காற்று, பெட்டிக்குள் 37.5க்குச் சூடானால் அதே காற்றின் ஈரப்பதம் பாதியாக இறங்கிவிடும். முதல் 18 நாள் 50 முதல் 55 வரை வேண்டும், கடைசி மூணு நாள் 65க்கு மேல். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. அது வழியாகத் தண்ணீர் மெதுவாக ஆவியாகி முட்டையின் எடை பன்னிரண்டு, பதிமூன்று சதவீதம் குறைய வேண்டும். வேகமாகக் குறைந்தாலும் தப்பு, குறையாவிட்டாலும் தப்பு.

மூன்றாவது, திருப்புவது. சர்வோ மோட்டார் வைத்துத் தானாகச் சாயும் தட்டு ஒன்று செய்தோம். அது முதல் நாளே ஒரு முட்டையை உருட்டிவிடப் பார்த்ததால் கழற்றிவிட்டோம். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம், கூடவே ஒரு நம்பர். காலை, மதியம், ராத்திரி கையால் திருப்பினோம். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உள்பக்கச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் டீமில் ஒருத்தி பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி ஆமை நடைக்குப் போகிறவள். 1988-ல் இருந்து மாணவர்களே நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு அது. நீலாங்கரை பக்கமிருந்து கரையோரமாக நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். அவள் நாங்கள் முட்டையைத் திருப்புவதைப் பார்த்துப் பதறிவிட்டாள். ஆமை முட்டையை, இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு, திருப்பவே கூடாதாம். திருப்பினால் கரு செத்துவிடும். அதில் மணலின் சூடுதான் குட்டி ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும், சூடு கூடினால் பெண். கோழியில் அப்படிக் கிடையாது, முட்டை உருவாகும்போதே முடிவாகிவிடும். ரெண்டும் முட்டைதான், ரூல் புக் வேற.

பிப்ரவரி 7 ராத்திரி முட்டைகளை வைத்தோம். ஏழாம் நாள் லைட்டை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச்சை அட்டையில் போட்ட ஓட்டைக்குப் பின்னால் வைத்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். அந்த ராத்திரியை நான் சரியாக விவரிக்க முடியாது. சிவப்பு நூல்கள் மரக்கிளை மாதிரி பிரிந்து போயிருந்தன. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி அசைந்தது. "டேய்" என்றான் ஒருத்தன். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை.

மூணு முட்டையில் ஒன்றுமே இல்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம். ஆயாவிடம் சொன்னேன். "அது கூமுட்டை, எடுத்துப் போடு" என்றது. இத்தனை வருஷம் தினமும் யாராவது யாரையாவது கூமுட்டை என்று திட்டிக்கொண்டிருக்கிறோம், அது நிஜமாகவே ஒரு முட்டை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இன்னொன்றில் ரத்தம் வளையமாக ஒதுங்கி நின்றது. கரு தொடங்கி, நின்றுபோனால் அப்படி. மீதி 16.

13-ம் நாள் ராத்திரி 11.40க்கு கரண்ட் போனது. தெருவில் கேபிள் ஃபால்ட். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆயாவுக்கு ஃபோன் போட்டேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபோன் அடித்தால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆயா நடுங்கிக்கொண்டே எடுத்தது. விஷயம் கேட்டதும் திட்டியது. "ஏண்டா, கோழி எந்திரிச்சி மேயப் போவாதா? போயி கொத்திட்டு, மண்ணுல பொரண்டுட்டு, அப்பறந்தான் வந்து ஒக்காரும். போத்தி வுட்டுட்டுப் படு கண்ணு."

போத்திவிட்டேன். அம்மாவின் பழைய கம்பளி, உள்ளே வெந்நீர் பாட்டில் ரெண்டு. பெட்டிக்குள் 31 டிகிரி வரை இறங்கியது. இறங்குவதைக் கரு ஓரளவு தாங்கும். ஏறுவதைத்தான் தாங்காது. இது எனக்குத் தெரியும், படித்திருந்தேன். 1.50க்கு கரண்ட் வந்தது. பல்பு எரிந்தது. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

இங்கே கொஞ்சம் சிலபஸ், மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். எங்கள் கன்ட்ரோலர் பிஐடி. அதில் ஐ என்பது இன்டக்ரல்: வேண்டிய சூட்டுக்கும் இருக்கும் சூட்டுக்கும் எவ்வளவு குறை, எவ்வளவு நேரமாகக் குறை என்று கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. கந்து வட்டி மாதிரி. நான் புத்திசாலித்தனமாக ஈஎஸ்பி32ஐ பவர் பேங்கில் இணைத்திருந்தேன், கரண்ட் போனாலும் டேட்டா விடுபடக் கூடாது என்று. அதனால் ரெண்டு மணி பத்து நிமிஷமும் மூளை விழித்திருந்தது, பல்பு செத்திருந்தது. மூளை வட்டி ஏற்றிக்கொண்டே இருந்தது. கரண்ட் வந்ததும் அத்தனை வட்டியையும் வசூலிக்க ஆரம்பித்தது. 37.5ஐத் தாண்டிய பிறகும் பல்பு அணையவில்லை.

தண்ணி குடிக்க எழுந்த அம்மாதான் பார்த்தாங்க. "டேய், பல்பு அணையவே மாட்டேங்குதுடா." டிஸ்ப்ளேயில் 40.1. கம்பளியோடு மூடியைப் பிடுங்கினேன். டேட்டாவில் பின்னால் பார்த்தேன், 25 நிமிஷம் 39க்கு மேல் இருந்திருக்கிறது. அதற்கு ஆன்டி வைண்டப் என்று ஒரு வழி இருக்கிறது. கூட்டுத்தொகைக்கு ஒரு உச்சவரம்பு வைப்பது. கோடில் ஒரே வரி. அஞ்சாவது செமஸ்டரில் அதைப் பற்றி எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த நாள் டார்ச் வைத்துப் பார்த்தபோது 4-ம் நம்பரிலும் 17-ம் நம்பரிலும் சிவப்பு நூல்கள் இல்லை. அசைவும் இல்லை. மீதி 14. ஒரு வரியைச் சேர்த்து, பவர் பேங்கைக் கழற்றினேன்.

18-ம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும். தண்ணித் தட்டைப் பெரிதாக்கி, மூடியை மூடினால் அவ்வளவுதான், பொரித்து முடியும் வரை திறக்கக் கூடாது. எங்கள் எதிர் வீட்டு மாமி, வீட்டுக்குள் முட்டையே வராத குடும்பம், தினமும் லிஃப்ட்டில் "குழந்தைகள் வந்தாச்சா?" என்று கேட்பார். 20-ம் நாள் ராத்திரி பெட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தபோது உள்ளே இருந்து சத்தம் வந்தது. ஓடு எதுவும் உடையவில்லை. முட்டைக்குள் இருந்தே கத்துகிறது. குஞ்சு முதலில் உள்பக்கச் சவ்வைக் கிழித்து அந்தக் காற்றறைக்குள் மூக்கை நீட்டுகிறது. முதல் மூச்சு அங்கேதான். அதற்குப் பிறகுதான் ஓட்டில் ஒரு ஓட்டை. அலகின் நுனியில் அதற்கென்றே ஒரு சின்னப் பல் இருக்கும், பொரித்துச் சில நாளில் உதிர்ந்துவிடும்.

ஓட்டை போட்ட பிறகு குஞ்சு பல மணி நேரம் சும்மா கிடக்கும். பன்னிரண்டு மணி நேரம், சிலது இருபதுக்கும் மேல். வெளியே இருந்து பார்த்தால் மாட்டிக்கொண்டது போலத் தெரியும். உண்மையில் அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது. வேலை முடிந்ததும் ஓட்டைச் சுற்றிலும் வெட்டிக்கொண்டு தானாகவே வரும். இதையும் நான் படித்திருந்தேன்.

பிப்ரவரி 28, சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு முதல் குஞ்சு. நனைந்த பஞ்சு மாதிரி, தலையைத் தூக்க முடியாமல் தூக்கியது. நான் மூடியைத் திறந்து வீடியோ எடுத்தேன். டீம் குரூப்பில் போட்டேன். ரெண்டாவது குஞ்சுக்கு நல்ல ஆங்கிள் வரவில்லை என்று மறுபடி திறந்தேன். ஆமை நடைக்காரி வீடியோ காலில் வந்தபோது ஒரு தடவை. அப்பா ஆபீஸில் இருந்து வந்ததும் ஒரு தடவை. ரிவ்யூ பிபிடிக்கு ஃபோட்டோ, ஸ்டோரிக்கு ஒரு பூமராங். சாயந்திரத்துக்குள் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் 68ல் இருந்த ஈரப்பதம் 40க்கு விழுந்து, மெதுவாக ஏறியது. ஏறிவிடுகிறதே என்று விட்டேன்.

9-ம் நம்பர் காலை பதினொரு மணிக்கு ஓட்டை போட்டது. ராத்திரி ஒன்பது வரை அப்படியே. ஓட்டைக்குள் தெரிந்த சவ்வு, வெள்ளையாக ஈரமாக இருக்க வேண்டியது, பழுப்பாகக் காய்ந்த காகிதம் மாதிரி இருந்தது. உள்ளே குஞ்சு கத்தும் சத்தம் மெல்லியதாகிக்கொண்டே வந்தது. என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ட்வீஸரை வெந்நீரில் கழுவி, ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தேன். மூணாவது துண்டில் ரத்தம் வந்தது. ஒரு சொட்டு இல்லை, நிற்காமல். சவ்வில் ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாதியில் விட முடியாமல் முழுவதும் எடுத்துவிட்டேன். வயிற்றில் மஞ்சள் கரு உள்ளே போகாமல் வெளியே தொங்கியது. கையில் சூடாக இருந்தது. பதினொரு மணிக்குள் அசைவு நின்றது.

14-ம் நம்பரும் அதே நிலைமையில் இருந்தது. நான் ட்வீஸரைக் கையில் வைத்திருந்தேன். அம்மா வாங்கிக்கொண்டாங்க. "கையைக் கட்டிக்கிட்டு உக்காரு." நனைத்த துணியை உள்ளே வைத்து மூடியை மூடி, அதன் மேல் என் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புத்தகத்தை வைத்தாங்க. நான் திறக்காமல் இருக்க. காலை 5.10க்கு 14-ம் நம்பர் தானாகவே வெளியே வந்தது.

கடைசிக் கணக்கு: 14ல் 11 குஞ்சு. ரெண்டு முட்டை ஓட்டையே போடவில்லை. 9-ம் நம்பர்.

திங்கட்கிழமை ரிவ்யூ. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டீம் கால். வெற்றி சதவீதம் என்ன போடுவது? வைத்த 20ல் 11 என்றால் 55. கூமுட்டை மூன்றைக் கழித்து 17ல் 11 என்றால் 65. கடைசியில் உயிரோடு இருந்த 14ல் 11 என்றால் 79. "9-ம் நம்பரும் உயிரோட வெளியதானே வந்துச்சு மச்சி, அதையும் சேர்த்தா 86" என்றான் ஒருத்தன். அவன் கெட்டவன் இல்லை. நாங்கள் எல்லாரும் பிளேஸ்மென்ட் இல்லாத பயத்தில் இருப்பவர்கள், ப்ராஜெக்ட் மார்க் தேவை. 86 பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

என்னை உறுத்தியது கிராஃப். 28-ம் தேதி டெம்பரேச்சர் கிராஃப் கிட்டத்தட்ட நேர்கோடு. ஈரப்பதத்தில் மட்டும் ஏழு பள்ளம். அந்தப் பள்ளங்களுக்குக் காரணம் எதுவும் டேட்டாவில் இல்லை. பார்ப்பவர்கள் சென்ஸார் நாய்ஸ் என்று நினைப்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிவிடலாம். கன்ட்ரோல் வகுப்பில் ஒவ்வொரு படத்திலும் வெளியில் இருந்து ஒரு அம்புக்குறி வரும், பெயர் டிஸ்டர்பன்ஸ். அந்த அம்புக்குறி இந்தப் பெட்டியில் நான். பல்பும் ஃபேனும் அன்றைக்குத் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

ரிவ்யூவுக்கு மூணு குஞ்சை அட்டைப்பெட்டியில், துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு ஆட்டோவில் கொண்டுபோனோம். பேனலில் இருந்த மூணு பேரும் ஐந்து நிமிஷம் பேராசிரியர்களாக இல்லை. பிறகு ஸ்லைடு. 55, 65 ரெண்டையும் எதற்கு எது என்று எழுதிப் போட்டோம். அடுத்த ஸ்லைடில் 4, 17, 9, ஒவ்வொன்றும் ஏன் போனது என்று. மூடி திறந்த நேரங்களை என் ஃபோன் வீடியோக்களின் நேரத்தை வைத்து எழுதியிருந்தேன். நான் எதிர்பார்த்தது திட்டு, இல்லையென்றால் பாராட்டு. மேடம் ரெண்டும் செய்யவில்லை. "மூடியில ஒரு லிமிட் ஸ்விட்ச் வச்சிருந்தா இதெல்லாம் தானா லாக் ஆகியிருக்குமே, ஏன் வைக்கல?" என்று கேட்டார். இருபது, முப்பது ரூபாய் சாமான். "தோணல மேடம்" என்றேன். எல்லாவற்றையும் அளக்க சென்ஸார் வைத்தவர்களுக்கு, எங்களை அளக்கத் தோன்றவில்லை.

பொரித்த குஞ்சு ரெண்டு நாள் வரை தீனி இல்லாமல் இருக்கும், வயிற்றுக்குள் போன மஞ்சள் கருவே போதும். ஆனால் சூடு இல்லாமல் இருக்காது. முதல் வாரம் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு மூணு டிகிரி குறைத்துக்கொண்டு போகலாம், அஞ்சாறு வாரத்தில் இறகு வந்துவிடும். பெரிய அட்டைப்பெட்டியில் ஒரு ஓரமாகப் பல்பு. இதில் நான் பிஐடி எதுவும் வைக்கவில்லை. குஞ்சுகளே சென்ஸார். பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். மூலைக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. பரவலாகக் கொத்திக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தால் சரி.

தண்ணித் தட்டில் கோலிக்குண்டு போட வேண்டும், இல்லையென்றால் தூக்கக் கலக்கத்தில் முகத்தைப் போட்டு மூழ்கிவிடும். கீழே நியூஸ்பேப்பர் போட்டது என் தப்பு. வழுக்கி ஒரு குஞ்சுக்கு ரெண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துவிட்டது. பேண்ட் எய்டை மெல்லிசாக வெட்டி ரெண்டு காலையும் சின்ன இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டி, பழைய டவலை விரித்தோம். மூணு நாளில் நடந்தது. ஒன்றுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டது. வெந்நீர்ப் பஞ்சால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. அம்மா செய்தாங்க, என்னைத் தொட விடவில்லை. ஆறாம் நாள் ராணிக்கெட் நோய்க்குக் கண்ணில் சொட்டு மருந்து. வெள்ளைக் கழிச்சல் என்று ஆயா சொல்வது இதைத்தான். வந்தால் கூண்டோடு போய்விடும்.

ஒரு ராத்திரி குஞ்சுகளுக்கு டவல் மாற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். "பிங்க்கி பறந்து போகலல்ல?" அம்மா நிமிரவில்லை. "காலையில வெறச்சுப் போய் கிடந்துச்சு. நீ அப்படி அழுவேன்னு…" என்று நிறுத்திட்டாங்க. பங்குனி மாசத்துச் சென்னை ராத்திரி, 25 டிகிரி இருந்திருக்கும். நமக்குப் புழுக்கம். ஒரு வாரக் குஞ்சுக்கு அது பத்து டிகிரி பற்றாக்குறை. சாயம் போட்டு விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்கு வேண்டாத ஆண் குஞ்சுகள். அவை சீக்கிரம் செத்துவிடும் ஜாதி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். டப்பாவுக்கு மேல் ஒரு குண்டு பல்பு போதும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் முதல் வாரம் பதினொன்றையும் ஆயாவிடம் கொண்டுபோய் விட்டேன். ஃப்ளாட்டில் சேவல் கூவ ஆரம்பித்தால் மாமியே கம்ப்ளெய்ன்ட் கொடுப்பார். ஆயா ஒவ்வொன்றையும் தூக்கிக் காலைப் பார்த்தது. எத்தனை வைத்து எத்தனை என்று கேட்டது. சொன்னேன். 9-ம் நம்பரையும் சொன்னேன்.

"மொத மொத நான் அடை வெச்சப்போ ஆறுதான் தேறுச்சு" என்றது. "தெனம் கோழியத் தூக்கித் தூக்கிப் பாத்தேன்."

ஜூனியர்ஸ் யாராவது இந்த ப்ராஜெக்டை மறுபடி எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். பெட்டி எங்கள் ப்ராஜெக்ட் லேப் அலமாரியில் இருக்கிறது. வஞ்சிரம் வாசனை போய்விட்டது. கோடு தருகிறேன், ஆன்டி வைண்டப் வரி சேர்த்தாச்சு. முட்டை வேண்டுமென்றால் ஆயாவிடம் பேசுகிறேன். ஆணியை எடுத்துவிடாதீர்கள். மூடியில் ஒரு ஸ்விட்ச் மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள்.